கேமரா நின்ற நேரத்தில் வந்தவர்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் "வாங்க" சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் போதாது. அங்கே இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு முறை சொல்ல வேண்டும். வந்தவர் காலையிலிருந்து அதே வீட்டில்தான் இருக்கிறார், பின்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வருகிறார் என்றாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். சொல்லாமல் விட்டால் வம்புதான். வரப்புச் சண்டையைக்கூடப் பேசித் தீர்த்துவிடுவார்கள். "என்னைய வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடலை" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பஞ்சாயத்துக்குப் போனவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான்.

என் அப்பாவும் பெரியப்பாவும் அப்படித்தான் பேச்சை விட்டார்கள். அதுவும் என் கல்யாணத்தில்.

உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற வழியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்துத் தென்னந்தோப்பு. நடுவில் ஒரு கம்பிவேலி. என் கல்யாணத்தன்று அப்பா மண்டப வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் தாராபுரத்திலிருந்து வந்த பஸ் எங்கேயோ வழி மாறிவிட்டது. அப்பா ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்தா பெரியப்பா வர வேண்டும்? "வாங்கண்ணான்னு சொன்னேன்" என்கிறார் அப்பா. "கையைத்தான் தூக்குனான், வாயே தொறக்கலை" என்கிறார் பெரியப்பா. அன்று சாப்பிடாமல் திரும்பிப் போனவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் வேலிக்கு மேல் கறிவேப்பிலையும் மோரும் மாற்றிக்கொள்வார்கள். அதை அண்ணனும் தம்பியும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வார்கள்.

போன வருஷம், அப்பாவுக்கு அறுபது முடியப்போகிறது, அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று அம்மா ஆரம்பித்தார். அப்பா எங்களிடம் சரி சரி என்றார். அம்மாவிடம் தனியாக, "மனையில உக்காந்து நிமிந்து பாத்தா அண்ணன் இருக்கோணும். இல்லீன்னா எனக்கு எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்?" என்றிருக்கிறார். அப்படியானால் நேரில் போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்றால், "நான் அன்னைக்கே கூப்பிட்டேன்" என்று அதே பழைய இடத்தில் போய் நின்றுகொள்வார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது வயதுக்கு மேல் ஆகிறது, வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று முறைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கதைக்குள் ஒரு பிரெஞ்சுக்காரர் எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் வராமல் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

நான் கோயமுத்தூர் கணபதியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கீழே என் வீட்டுக்காரரின் லேத் பட்டறை, மேலே என் அறை. கீழே லேத் ஓடினால் மேலே என் டம்ளரில் தண்ணீர் நடுங்கும். என்னிடம் மகள் கல்யாண வீடியோவைக் கொடுத்திருந்த ஒரு வாடிக்கையாளர் ஒரு சினிமாச் சங்கத்தில் இருப்பவர். எப்போது போன் செய்தாலும் வீடியோ எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை ஒரு படம் போடறமுங்க, நீங்க அவசியம் வரோணும்" என்று முடிப்பார். வீடியோ தாமதமாகிக்கொண்டே போனதால், அவரைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். படம் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. வாரம் முழுக்கப் படம்தான் பார்க்கிறேன், எல்லாவற்றிலும் ஒரே தாலி.

ஒரு சின்ன ஹால். நாற்பது நாற்காலி போட்டு அதில் பாதி காலி. திரையில் நூறு வருஷத்துக்கும் முந்தைய ஊமைப்படங்கள், ஒவ்வொன்றும் சில நிமிஷம். சினிமா என்ற ஒன்று வந்த புதிதில் பிரான்சில் ஒருவர் எடுத்தது. அதற்கு முன்னால் மேடையில் மேஜிக் செய்துகொண்டிருந்தவராம். இன்றைக்கும் உலகம் முழுக்க அவருக்குப் பித்துப்பிடித்த ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் மைக்கில் சொன்னார். துணியில் எழுதின வானம், அட்டையில் வெட்டின நட்சத்திரம். சரி, அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று நினைத்தேன்.

திரையில் ஒருவர் உட்காரப் போகிறார். நாற்காலி இல்லை. எழுந்து திரும்பிப் பார்க்கிறார், இருக்கிறது. மறுபடி உட்காரப் போகிறார், ஒரு பெண்மணி அந்த இடத்தில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் என்னை மறந்து "அடடா!" என்று கத்திவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கத்தினது நாற்காலிக்காக இல்லை. அன்று காலையில்தான் அதே வேலையை நான் செய்துவிட்டு வந்திருந்தேன்! இப்போது கல்யாணத்துக்கு முன்னால் ரீல் எடுக்கிறார்களே, மாப்பிள்ளை ஒரு சொடக்குப் போட்டால் வேட்டி கோட்டு சூட்டாக மாறும், பெண் ஒரு குதி குதித்தால் சுடிதார் பட்டுச்சேலையாக மாறும். பத்து வருஷமாக வாரத்துக்கு மூன்று இதே மாதிரி வெட்டி ஒட்டுகிறேன். இது ஏதோ போன் கம்பெனிக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருக்கிற வித்தை அந்த மனிதருடையது. என் கம்ப்யூட்டரில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில், எங்கள் ஊர் மணப்பெண்களின் குதியில் எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார், ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குக் கைகால் பரபரவென்று வந்துவிட்டது.

படம் முடிந்ததும் வாடிக்கையாளரைப் பிடித்துக்கொண்டேன். அவர் எப்படிச் செய்தார்? கம்ப்யூட்டர் கிடையாதே? வாடிக்கையாளர் விளக்கினார். கேமராவை நிறுத்திவிடுவாராம். நடிப்பவர்கள் அத்தனை பேரும் எந்த நிலையில் இருக்கிறார்களோ அப்படியே சிலையாக நிற்க வேண்டும். நாற்காலியை எடுத்துவிட்டுக் கேமராவை மறுபடி ஓட்டுவார். பார்க்கிறவர்களுக்கு நாற்காலி மாயமாக மறைந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். ஒருமுறை தெருவில் படமெடுக்கும்போது கேமரா சிக்கி நின்று, அதில் தற்செயலாகத்தான் இதைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை சொன்னார். கதை உண்மையோ பொய்யோ, எனக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துப்போய்விட்டது. அறுபது வேலையாட்களை வைத்துக்கொண்டு கிராபிக்ஸ் செய்கிற காலத்தில், "யாரும் நகராதீங்க" என்ற ஒரே வார்த்தையில் மாயாஜாலம் காட்டியிருக்கிறார்!

காந்திபுரம் வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். பட்டறைக்குள் நுழைந்து லேத் சத்தத்துக்கு மேலே கத்தி என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு, "இப்ப சொல்லு அம்மணி, யாரு செத்துப்போனாங்க?" என்றார்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் போட்டுக் காட்ட ஒரு படம் எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஊமைப்படம். நாலைந்து நிமிஷம். தோட்டத்து வீட்டு வாசலில் அப்பாவும் அம்மாவும் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா கைதட்டுகிறார், வெறும் கட்டிலில் அத்தை வந்துவிடுகிறார். இன்னொரு கைதட்டு, மரத்தடியில் சித்தப்பா. இப்படி ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்க ஒவ்வொருவராக முளைத்து வாசல் நிறைந்துவிடும். கடைசியில் எல்லாரும் எழுந்து கேட்டைப் பார்த்துக் கைகூப்புவார்கள், வெறும் கேட்டில் என் வீட்டுக்காரர் ஒரு தென்னங்குலையோடு திடீரென்று நிற்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவ்வளவுதான் என் திட்டம். பெரியப்பாவைப் பற்றி அப்போது நான் நினைக்கக்கூட இல்லை.

"கேமராவை ஓட உட்டுப்போட்டு அப்பறமா கம்ப்யூட்டர்ல வெட்டிக்கிட்டா ஆகாதா? எதுக்கு நிறுத்தி நிறுத்தி ஓட்டறே?" என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். எனக்கு வீம்பு. அந்த மனிதர் எப்படி எடுத்தாரோ அப்படித்தான் எடுப்பேன், கேமரா நிற்கும், ஆட்கள் நிற்பார்கள், கேமரா ஓடும். பத்து வருஷம் அவர் வித்தையை ஓசியில் பயன்படுத்தியதற்கு இந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?

ஒரு சனிக்கிழமை தோட்டத்தில் சொந்தக்காரர்களைக் கூட்டினேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, சாக்பீஸால் தரையில் குறி போட்டு, எல்லாருக்கும் விளக்கினேன். "நான் நில்லுங்கன்னு சொன்னா அப்படியே நிக்கோணும். கண்ணு, கை, வாய் எதுவும் ஆடக்கூடாது. ஒருத்தர் நடந்து வந்து அவிய இடத்துல நிப்பாங்க. நீங்க அவியளைப் பாக்கவே கூடாது."

எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

முதல் ஷாட். அப்பா கைதட்டினார். "நில்லுங்க" என்று கேமராவை நிறுத்தினேன். அப்பாவும் அம்மாவும் சிலையாக நின்றார்கள். அத்தை சமையலறையிலிருந்து கட்டிலை நோக்கி நடந்து வந்தார். அப்பா சட்டென்று எழுந்து, "வாம்மா வா" என்றார். அம்மா, "வாங்க, வாங்க" என்றார். அத்தை, "ஆமாங்க அண்ணி, நல்லா இருக்கறீங்களா?" என்றார். இரண்டு பேரும் காலையிலிருந்து ஒரே அடுப்பில் வடை சுட்டுக்கொண்டிருந்தவர்கள்.

மறுபடி. மறுபடியும் அதே. மூன்றாவது முறை அப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டார், கை மேலே போய்விட்டது, ஷாட் போச்சு. அத்தை வந்து உட்கார்ந்த பிறகு சித்தப்பாவின் முறை. இப்போது வாங்க சொல்வதற்கு மூன்று பேர். ஆள் கூடக்கூட வாங்க கூடியது. ஒருவர் அடக்கினால் இன்னொருவர் சொல்லிவிடுவார். ஒருவர் சொன்னது கேட்டதும் நாம் சொல்லாவிட்டால் மரியாதை இல்லையே என்று மற்ற எல்லாரும் சொல்லிவிடுவார்கள். சொல்லும்போது எழுந்து வேறு நிற்பார்கள். அந்தப் பிரெஞ்சுக்காரர் தன் ஆட்களை எப்படி நிறுத்தி வைத்தாரோ தெரியாது. கொங்கு நாட்டில் பிறந்திருந்தால் ஒரு நாற்காலியைக்கூட மறைத்திருக்க முடியாது.

"இனி யாராச்சும் வாங்கன்னு சொன்னீங்கன்னா நான் கேமராவைத் தூக்கிக் கெணத்துல போட்டுப்போட்டு கணபதிக்குப் போயிருவேன்!" என்று கத்தினேன். என் குரல் வேலியைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். சொட்டுநீர்க் குழாயைப் பார்க்கிற மாதிரி குனிந்து நின்றார். காலையிலிருந்து ஒரே குழாய். ஷூட்டிங் நடக்கிற இடத்திலிருந்து கண்ணை எடுக்க யாரால் முடியும்? பக்கத்தில் அவருடைய நாய் படுத்திருந்தது. அவர் நாயைப் பார்த்துச் சொன்னார்: "ஏன்டா, அந்த ரெண்டாவது ஆளு முன்ன கையைக் கட்டியிருந்தாரு. இப்பத் தொங்கப் போட்டிருக்கறாரு. படத்துல குதிக்காதா?"

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், சித்தப்பா கையைத் தொங்கப்போட்டிருந்தார். அப்பா வேலிப்பக்கமே பார்க்காமல், தென்னைமர உச்சியைப் பார்த்து, "கையைக் கட்டச் சொல்லும்மா" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு நாய் மூலமாக ஒரு உதவி இயக்குநர் கிடைத்துவிட்டார். "அந்த அம்மணி முந்தானை எடப்பக்கம் இருந்துச்சேடா", "செருப்பை ஒருத்தரு மாத்திப் போட்டுட்டாருடா" என்று பெரியப்பா நாயிடம் சொல்வார், அப்பா தென்னைமரத்தைப் பார்த்துத் திருத்தச் சொல்வார். நாய் தூங்கிப்போய்விட்டது. வேலை மளமளவென்று நடந்தது. இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அன்றுதான். அத்தை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எனக்குள் சந்தோஷம் பொங்கியது. அத்தைக்கும் பெரியப்பா அண்ணன்தானே.

பொழுது சாயும் நேரத்துக்குக் கடைசி ஷாட்டுக்கு வந்தோம். வாசல் நிறைய ஆட்கள். எல்லாரும் எழுந்து கேட்டைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அப்பா எல்லாருக்கும் முன்னால். "நில்லுங்க!" கேமராவை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே தென்னங்குலையோடு தயாராக நின்றார்.

அப்பாவின் கூப்பின கைகளைப் பார்த்தேன். மண்டப வாசலில் நின்ற அதே கோலம், இப்போது போன் மட்டும் இல்லை. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். வேலியைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"பெரியப்பா! கேட்டுல வந்து நிக்கறதுக்கு ஒரு ஆளு வேணுங்க. நீங்க வாங்க."

வாசலில் ஒருவரும் அசையவில்லை. அசையக் கூடாதே. அத்தை கண்ணை மட்டும் உருட்டினார். என் வீட்டுக்காரர் தென்னங்குலையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போனார். பெரியப்பா நிமிர்ந்தார். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? சபையில் கூப்பிட்டு வரவில்லை என்று ஆகிவிடும். பிறகு இந்த ஜென்மத்தில் ஒட்டாது, அறுபதாம் கல்யாணமும் நடக்காது. ஏன்தான் வாயைத் திறந்தேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பெரியப்பா நாயைப் பார்த்தார். "நான் படத்துக்குத்தான் போறேன். ஊட்டுக்குப் போகலை" என்றார்.

வேலியைத் தாண்டாமல் தன் கேட்டுக்குப் போய், ரோட்டுக்கு இறங்கி, சுற்றிக்கொண்டு வந்தார். வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு நிதானமாக நடந்தார். அவ்வளவு நேரமும் இவர்கள் கைகூப்பியபடி நின்றார்கள். காலையிலிருந்து ஒரு நொடி நிற்க முடியாதவர்கள்! சித்தப்பாவின் கை நடுங்கியது. ஒரு ஈ அம்மாவின் கன்னத்தில் உட்கார்ந்து, நடந்து, பறந்துபோனது. நாள் முழுக்க யாரும் வாங்க சொல்லக் கூடாது என்று கத்தின நான், அப்பா இந்த ஒரு ஷாட்டைக் கெடுத்துவிட வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. சொல்லுங்கப்பா. இப்போது சொல்லுங்க.

பெரியப்பா கேட்டில் வந்து நின்றார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். அப்பா சொல்லவில்லை. ஆடாமல் அசையாமல் நின்றார்.

பெரியப்பாவின் முகம் இறுகியது. "ஏன்டா, இன்னைக்குங்கூட உனக்கு வாய் வரலையா?" என்றார்.

அப்பா உதட்டை அசைக்காமல், பல்லிடுக்கில் சொன்னார்: "அம்மணி நகரக் கூடாதுன்னு சொல்லிருக்குதுங்கண்ணா."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்பா தன் அண்ணனிடம் பேசின முதல் பேச்சு அது. அத்தையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பெரியப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணியது, சிரிப்பை அடக்குகிறாரா வேறு எதையாவதா என்று தெரியவில்லை. "செரி, ஓட்டு அம்மணி, அவிய கை வலிக்கும்" என்றார் என்னிடம். பட்டனை அழுத்தினேன்.

ஷாட் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து வடை சாப்பிட்டார். தான் நின்ற இடம் குறியிலிருந்து ஒரு அடி தள்ளி இருந்ததா இல்லையா என்று அப்பாவிடம் நேராகவே வாதாடினார். எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவரை யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். அந்த வார்த்தை இன்னும் பாக்கி இருந்தது.

கணபதியில் உட்கார்ந்து அந்தக் கடைசி ஷாட்டை ஒட்டிப் பார்த்தேன். ஒரு ஃபிரேமில் கேட் வெறுமையாக இருக்கிறது. அடுத்த ஃபிரேமில் பெரியப்பா நிற்கிறார். அத்தை, அம்மா, சித்தப்பா எல்லாரும் அப்படியே இருக்கிறார்கள். அப்பாவும் அப்படியே நிற்கிறார், கண்கள் மட்டும் நிறைந்திருக்கின்றன. முந்தின ஃபிரேமில் காய்ந்திருந்த கண்கள். கீழே லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்காரரை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நான்கு முறை போடச் சொன்னார். "உன்ற பிரெஞ்சுக்காரரு பெரிய ஆளுதான்" என்றார். "ஆனா அவிய பேசினது இதுல இல்லையே? நாந்தான் அப்பவே சொன்னனே, ஓட உடுன்னு." வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது சரி, அதைச் சொல்லியும் காட்டிவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கோடு போய் அழைப்பு வைத்தார்கள். பெரியப்பா வாங்கிக்கொண்டு, "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அம்மா தினம் ஒருமுறை எனக்குப் போன் செய்து கேட்டார்.

விசேஷத்தன்று உடுமலையில் மண்டபத்து வாசலில் அப்பா போனை அணைத்து அம்மாவின் பையில் போட்டுவிட்டு நின்றார். வந்த ஒருவரையும் விடவில்லை. பால்காரரைக் கூப்பிட்டார், பூ கொண்டுவந்தவரைக் கூப்பிட்டார். ஐயர் வந்து நேரமாகிறது என்றார், "இருங்க சாமி" என்றார். பெரியப்பா வரவில்லை. கடைசியில் அத்தை ஓடிவந்து சொன்னார், பெரியப்பா விடியும்போதே சமையல்கட்டு வழியாக உள்ளே வந்து, காப்பி குடித்துவிட்டு, நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாராம். தம்பி கூப்பிடுகிறாரா என்று வாசலில் நின்று இன்னொரு முறை சோதித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை என்று எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது. அப்பா வாசலிலிருந்து திரும்பினபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மாலை மாற்றி, சாப்பாட்டுக்கு முன்னால் படத்தைப் போட்டேன். அத்தை கட்டிலில் முளைத்ததும் மண்டபம் அதிர்ந்தது. சித்தப்பாவுக்கு விசில். என் ஊர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வித்தைக்கு அப்படிக் கைதட்டுவார்கள் என்று யார் கண்டது? நான் பின்னால் நின்று துள்ளிக்கொண்டிருந்தேன். கடைசி ஷாட் வந்தது. வெறும் கேட். கூப்பின கைகள். பெரியப்பா தோன்றினார். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் இந்தச் சண்டை தெரியும். அப்போது எழுந்த சத்தத்தில் பந்தியிலிருந்து இலை போடுகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

விளக்கைப் போட்டதும் பெரியப்பா எழுந்து நின்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"படம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா அவன் என்னைய வாங்கன்னு கூப்பிட்டது இதுல வரலையே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூப்பிட்டிருந்தால்தானே வரும்? அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறார் என்று அவர் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டபோதுதான் புரிந்தது. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேடையில் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். மனையிலிருந்து எழக் கூடாது என்று ஐயர் ஏதோ சொன்னது அவர் காதில் ஏறவில்லை. படி இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாலாவது வரிசைக்குப் போனார். விடியற்காலையிலேயே வந்து, காப்பி குடித்து, பாதி நாள் அங்கேயே உட்கார்ந்திருந்த தன் அண்ணன் முன்னால் கைகூப்பி நின்று, மண்டபத்தின் கடைசி மூலை வரை கேட்கும்படி சொன்னார்.

"வாங்கண்ணா."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வந்துட்டேன்டா" என்றார்.